மாத்திரை இல்லாமல் எல்.டி.எல். எவ்வளவு குறையும்? – வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 47. சைவ உணவுதான். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் எதுவும் இல்லை. அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் மொத்தக் கொலஸ்ட்ரால் 241, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 158, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 45, டிரைகிளிசரைடு (இரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 190 என்று வந்திருக்கிறது. முட்டையைக்கூடத் தொடாத எனக்கு எப்படிக் கொலஸ்ட்ரால் ஏறியது? மூன்று மாதம் உணவைச் சீர்செய்து பார்க்கிறேன் என்று என் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன். எதைச் செய்தால் உண்மையில் பலன் கிடைக்கும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் கேட்டிருக்கும் அவகாசம் நியாயமானது. உங்கள் வயதில், வேறு நோய் எதுவும் இல்லாத நிலையில், 158 என்பது உடனே மாத்திரையைத் தொடங்கியே ஆக வேண்டிய எண் அல்ல. ஆனால் அந்த மூன்று மாதங்களை எதன்மீது செலவிடப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

நம் இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி தட்டிலிருந்து வருவதில்லை. உடலே அதைத் தயாரிக்கிறது. இரத்தத்திலிருக்கும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பை அதிகம் உண்ணும்போது இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகி, துகள்கள் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே முட்டையையும் இறைச்சியையும் தவிர்ப்பவருக்கும் எல்.டி.எல். ஏறுவதில் வியப்பில்லை. சைவ வீடுகளில் நிறைவுற்ற கொழுப்பு பெரும்பாலும் பால், நெய், தேங்காய், பாமாயில், பேக்கரிப் பண்டங்கள் ஆகியவற்றின் வழியாக வருகிறது.

பாலை மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள். காபி, தயிர், மோர் எல்லாம் சேர்த்து ஒருவர் நாளொன்றுக்கு அரை லிட்டர் நிறைகொழுப்புப் பாலைப் பயன்படுத்தினால், அதில் 30 கிராம் கொழுப்பு இருக்கிறது. அதில் ஏறத்தாழ 18 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. எல்.டி.எல்.லைக் குறைக்க வேண்டியவர்கள் நிறைவுற்ற கொழுப்பை மொத்தக் கலோரியில் 6 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க இதய சங்கத்தின் பரிந்துரை. நாளொன்றுக்கு 1,800 கலோரி உண்ணும் ஒரு பெண்ணுக்கு இது வெறும் 12 கிராம்தான். நெய்யும் தேங்காய்ச் சட்னியும் இலைக்கு வருவதற்கு முன்பே பாலிலேயே வரம்பு தாண்டிவிடுகிறது. அதே அரை லிட்டர் டபுள் டோன்டு பாலாக இருந்தால் மொத்தக் கொழுப்பே 7.5 கிராம்தான். பாலை விட்டுவிட வேண்டியதில்லை. பாக்கெட்டை மாற்றினால் போதும். குறைத்த கொழுப்பின் இடத்தில் அரிசியோ சர்க்கரையோ வந்து உட்காராமல், ஒரு கைப்பிடி நிலக்கடலையோ பாதாமோ, தாளிப்பில் நல்லெண்ணெயோ கடலையெண்ணெயோ வருவது முக்கியம். இந்த ஒரு மாற்றத்திலேயே எல்.டி.எல். ஏறத்தாழ 10 மி.கி. (ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு) குறையலாம்.

அடுத்தது, நீரில் கரையும் நார்ச்சத்து. கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்துதான் பித்த அமிலங்களைத் தயாரித்துக் குடலுக்கு அனுப்புகிறது. வழக்கமாக அவற்றில் பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே போய்விடும். கரையும் நார்ச்சத்து குடலில் கூழாகி அவற்றைப் பிடித்து வெளியேற்றிவிடுவதால், புதிதாகப் பித்த அமிலம் செய்யக் கல்லீரல் இரத்தத்திலிருக்கும் எல்.டி.எல்.லை எடுத்தாக வேண்டியிருக்கிறது. ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கன் நாளொன்றுக்கு 3 கிராம் கிடைத்தால் எல்.டி.எல். ஏறக்குறைய 5 சதவீதம் குறைகிறது. அதற்கு 75 கிராம் அளவுக்கு ஓட்ஸ் வேண்டும். விளம்பரத்தில் காட்டுவது போல இரண்டு ஸ்பூன் போதாது. ஓட்ஸ் பிடிக்காதவர்கள் பார்லிக் கஞ்சி குடிக்கலாம். மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு வாங்கும் இசப்கோல் உமியும் இதே வேலையைச் செய்கிறது: நாளொன்றுக்கு 7 முதல் 10 கிராம் வரை, இரண்டு வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன். தண்ணீர் குறைந்தால் அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் அவற்றுக்கும் இசப்கோலுக்கும் இடையே சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும். வெண்டைக்காய், அவரைக்காய், கொத்தவரங்காய், பயறு, கொண்டைக்கடலை ஆகியவை தினமும் ஏதேனும் ஒரு வடிவில் தட்டில் இருக்கட்டும்.

இவை எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு? கனடாவின் டொரன்டோவைச் சேர்ந்த ஆய்வாளர் டேவிட் ஜென்கின்ஸ், கரையும் நார்ச்சத்து, சோயா புரதம், பாதாம், தாவர ஸ்டெரால் (தாவரங்களில் உள்ள, கொலஸ்ட்ராலை ஒத்த பொருள்) ஆகிய நான்கையும் ஒரே உணவுத் திட்டத்தில் சேர்த்துப் பரிசோதித்தார். 2003இல் வெளியான ஆய்வில், உணவைத் தயாரித்தே கொடுத்தபோது, நான்கு வாரங்களில் எல்.டி.எல். 28 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. லோவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் குறைப்பு மாத்திரையை எடுத்த குழுவினருக்குக் குறைந்தது 31 சதவீதத்தை ஒட்டி. ஆனால் 2011இல், ஆலோசனை மட்டும் கொடுத்து, மக்கள் தங்கள் வீட்டில் தாங்களே சமைத்துச் சாப்பிட்ட ஆய்வில் ஆறு மாத முடிவில் குறைந்தது 13 சதவீத அளவுக்குத்தான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் நம் எல்லோருடைய சமையலறையும் இருக்கிறது. உங்கள் 158இல் 15 சதவீதம் என்றால் ஏறத்தாழ 24 மி.கி.; 134ஐ எதிர்பார்க்கலாம். சிரத்தையாகச் செய்தால் 130க்குக் கீழேயும் போகலாம். இதைவிடப் பெரிய எண்ணை யாரேனும் வாக்களித்தால் சந்தேகப்படுங்கள்.

டிரைகிளிசரைடு 190 இருப்பது வேறு கதை. அது நிறைவுற்ற கொழுப்பைவிட மாவுச்சத்தோடும் இனிப்போடும் இடுப்புச் சுற்றளவோடும் நெருங்கிய தொடர்புடையது. காலை இட்லி, மதியம் சோறு, மாலை பிஸ்கட், இரவு தோசை என்று நாள் முழுதும் மாவாகவே போகும் வழக்கத்தைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தால் அது நன்றாகவே இறங்கும். நடைப்பயிற்சி எல்.டி.எல்.லை அவ்வளவாகக் குறைப்பதில்லை. அதற்காக ஏமாற்றம் அடைந்து நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்கு அதனால் கிடைக்கும் பிற நன்மைகள் ஏராளம்.

இரண்டு விஷயங்களை மறந்துவிடக் கூடாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும், நடுத்தர வயதுப் பெண்களிடம் இது அடிக்கடி காணப்படுவதால், டி.எஸ்.எச். பரிசோதனை செய்யாமல் உணவை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல. மாதவிடாய் நிற்கும் காலத்திலும் எல்.டி.எல். இயல்பாகவே உயர்கிறது.

கேள்வி: இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர் ஆகியவற்றைக் காய்ச்சித் தேன் கலந்து தினமும் குடித்தால் இரத்தக் குழாய் அடைப்பே கரைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. குக்குலு என்ற மரப்பிசின் மாத்திரையும் நல்லது என்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் சிவப்பு ஈஸ்ட் அரிசிக் குப்பி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். இவற்றில் எதை எடுக்கலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: இரத்தக் குழாயில் படிந்துவிட்ட அடைப்பைக் கரைக்கும் எந்தச் சாறும் இல்லை. ஏற்கெனவே நெஞ்சுவலி உள்ள ஒருவர் இந்தக் கலவையை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் இதில் உள்ள உண்மையான ஆபத்து; மற்றபடி அது புளிப்பும் காரமுமான ஒரு பானம், அவ்வளவே.

பூண்டைப் பற்றித் தெளிவான விடை இருக்கிறது. 2007இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், எல்.டி.எல். மிதமாக உயர்ந்திருந்தவர்களுக்குப் பச்சைப் பூண்டையும் இரண்டு வகைப் பூண்டு மாத்திரைகளையும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். எதிலும் எல்.டி.எல். குறையவில்லை. 2022இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் நடத்திய ஆய்வில் மீனெண்ணெய், லவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறு துணைப் பொருட்களையும், மிகக் குறைந்த அளவான 5 மி.கி. ரோசுவாஸ்டாட்டின் மாத்திரையையும், மருந்து எதுவும் இல்லாத வெற்று மாத்திரையையும் 28 நாட்கள் ஒப்பிட்டார்கள். ரோசுவாஸ்டாட்டின் எல்.டி.எல்.லை ஏறத்தாழ 38 சதவீதம் குறைத்தது. ஆறு துணைப் பொருட்களில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேலாக இல்லை. பூண்டு எடுத்தவர்களுக்கு எல்.டி.எல். சற்று ஏறவும் செய்தது. ரசத்தில் பூண்டு தட்டிப் போடுவதை இதற்காக யாரும் நிறுத்த வேண்டாம். அதை மருந்து என்று எண்ணி விழுங்குவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

குக்குலுவைப் பொறுத்தவரை, நம் நாட்டில் நடந்த பழைய ஆய்வுகள் நம்பிக்கையூட்டின. ஆனால் 2003இல் அமெரிக்காவில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வில், குக்குலு எடுத்தவர்களுக்கு எல்.டி.எல். குறைவதற்குப் பதிலாகக் கொஞ்சம் கூடியது; சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

சிவப்பு ஈஸ்ட் அரிசிதான் இவற்றில் கவனமாகப் பேச வேண்டியது. அரிசியில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்துத் தயாரிக்கப்படும் அதில் மோனகோலின் கே என்ற பொருள் இருக்கிறது. அது லோவாஸ்டாட்டின் என்ற மருந்தேதான். கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துகளில் 1987இல் அமெரிக்காவில் மாத்திரையாக அனுமதி பெற்ற முதல் மருந்து அது. ஆக ‘இயற்கை’ என்று வாங்குபவர், அளவு எழுதப்படாத ஒரு ஸ்டாட்டினைத்தான் வாங்குகிறார். குப்பிக்குக் குப்பி அளவு மாறும்: ஒன்றில் ஒன்றுமே இருக்காது, இன்னொன்றில் முழு மருந்தளவே இருக்கும். சிலவற்றில் சிறுநீரகத்துக்குக் கேடான சிட்ரினின் என்ற நச்சும் கலந்திருந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இத்தகைய தயாரிப்புகளில் நாளொன்றுக்கான மோனகோலின் அளவு 3 மி.கி.க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று விதித்தது. நீங்கள் ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுப்பவராக இருந்தால் அந்தக் குப்பியைத் திறக்கவே வேண்டாம்.

துணைப் பொருட்களில் நான் மறுக்காதது இசப்கோல் ஒன்றுதான், விலையும் குறைவு. தாவர ஸ்டெரால் நாளொன்றுக்கு 2 கிராம் உணவோடு சேரும்போது எல்.டி.எல். 8 முதல் 10 சதவீதம் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன என்றாலும், மேலே சொன்ன 2022 ஆய்வில் மாத்திரை வடிவில் அது எடுபடவில்லை. மீனெண்ணெய் அதிக அளவில் டிரைகிளிசரைடைக் குறைக்கும், எல்.டி.எல்.லை அல்ல, அந்த அளவில் எடுப்பவர்களில் சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் அபாயமும் கூடுகிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தேங்காயெண்ணெய்ச் சமையல்தான். தாத்தா 90 வயதுக்கு மேல் வாழ்ந்தார். செக்கு எண்ணெயில் கொலஸ்ட்ராலே கிடையாது என்று பாட்டிலிலும் எழுதியிருக்கிறது. பிறகு ஏன் மருத்துவர்கள் அதைக் குறைக்கச் சொல்கிறார்கள்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பாட்டிலில் எழுதியிருப்பது உண்மை, ஆனால் அதில் பெருமை ஒன்றுமில்லை. கொலஸ்ட்ரால் விலங்குப் பொருட்களில் மட்டுமே பொருட்படுத்தத்தக்க அளவில் இருப்பதால், எந்தத் தாவர எண்ணெயைப் பற்றியும் இப்படி எழுதலாம். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதுதான் பிரச்சினை. நல்லெண்ணெயில் அது 15 சதவீதத்தை ஒட்டியும், கடலையெண்ணெயில் 20 சதவீதத்துக்குள்ளும், சூரியகாந்தி எண்ணெயில் 10 சதவீதத்தை ஒட்டியும் இருக்கிறது. செக்கில் ஆட்டுவதால் மணம் கூடும்; கொழுப்பு அமிலங்களின் விகிதம் மாறாது. 16 பரிசோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஒரு ஆய்வின்படி, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காயெண்ணெய் எல்.டி.எல்.லைச் சுமார் 10 மி.கி. உயர்த்துகிறது. எச்.டி.எல்.லையும் சுமார் 4 மி.கி. உயர்த்துகிறது என்பதைத்தான் தேங்காயெண்ணெயின் ஆதரவாளர்கள் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் மருந்தால் எச்.டி.எல்.லை உயர்த்திய பரிசோதனைகளில் மாரடைப்பு குறையவில்லை என்பதால், அந்த 4 மி.கி.க்கு நான் அதிக மதிப்பு கொடுப்பதில்லை.

தாத்தாவின் கணக்கையும் ஒதுக்கிவிட முடியாது. பசிபிக் கடலின் டோக்கெலாவ், புக்காபுக்கா என்ற தீவுகளில் வாழ்ந்தவர்களைப் பற்றிய ஒரு ஆய்வு 1981இல் வெளியானது. டோக்கெலாவ் மக்களின் கலோரியில் 63 சதவீதமும் புக்காபுக்கா மக்களுக்கு 34 சதவீதமும் தேங்காயிலிருந்தே கிடைத்தன. தேங்காய் அதிகம் உண்ட டோக்கெலாவில் கொலஸ்ட்ரால் தெளிவாகவே உயர்ந்திருந்தது. இருந்தும் இரு தீவுகளிலும் இரத்தக் குழாய் நோய் அரிதாகவே இருந்தது. மீனும் கிழங்கும் தேங்காய்ப் பருப்பும் உண்டு, சர்க்கரை அதிகம் சேராமல், நாள் முழுதும் உடலால் உழைத்த மக்கள் அவர்கள். உங்கள் தாத்தாவும் அப்படித்தான் வாழ்ந்திருப்பார். பரோட்டாவும் பேக்கரியும் நாற்காலி வேலையும் வந்துவிட்ட வீட்டில் அந்த எண்ணெய் மட்டும் பழைய அளவிலேயே தொடர்வதுதான் சிக்கல்.

எல்.டி.எல். சரியாக இருந்தால் அவியலுக்கு மேலே ஊற்றும் ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காயெண்ணெயை நான் தடுக்க மாட்டேன். உயர்ந்திருந்தால் பொரிப்பதற்கும் தாளிப்பதற்கும் வேறு எண்ணெய்க்கு மாறுங்கள். துருவிய தேங்காயில் நார்ச்சத்தும் இருப்பதால் அதை எண்ணெயோடு ஒன்றாக எண்ணத் தேவையில்லை. அளவு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேலியோ (மாவுச்சத்து குறைந்த, கொழுப்பு மிகுந்த) உணவுமுறையில் 11 கிலோ குறைந்தேன். டிரைகிளிசரைடு 240இலிருந்து 85க்கு வந்தது. ஆனால் எல்.டி.எல். 128இலிருந்து 214 ஆகிவிட்டது. ‘எடை குறையும்போது இப்படித்தான் ஏறும், துகள்கள் பெரிதாக இருந்தால் ஆபத்தில்லை’ என்று குழுவில் சொல்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எடையும் டிரைகிளிசரைடும் இறங்கியது உண்மையான ஆதாயம், அதை நான் மறுக்கவில்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் டிரைகிளிசரைடு இறங்கும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. எடை வேகமாகக் குறையும் வாரங்களில் எல்.டி.எல். தற்காலிகமாக ஏறுவதும் உண்டு. ஆனால் எடை நிலைபெற்ற பிறகும் 200க்கு மேல் நிற்கும் எல்.டி.எல்.லுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. பெரிய துகள்களும் இரத்தக் குழாய்ச் சுவருக்குள் நுழையக் கூடியவையே. சந்தேகமிருந்தால் அபோ பி என்ற பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு எல்.டி.எல். துகளிலும் அந்தப் புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பதால் அது துகள்களின் எண்ணிக்கையையே காட்டிவிடும். அதுவும் உயர்ந்திருந்தால் விவாதத்துக்கு இடமில்லை.

உணவுமுறையை முழுதாகக் கைவிட வேண்டும் என்பதில்லை. வெண்ணெய், நெய், பன்னீர், கொழுப்போடு கூடிய ஆட்டிறைச்சி ஆகியவற்றைக் குறைத்து, அந்த இடத்தில் மீன், தோல் நீக்கிய கோழி, பாதாம், நிலக்கடலை, நல்லெண்ணெய் ஆகியவற்றைக் கொண்டுவந்து, பயறு வகைகளைத் திரும்பச் சேருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பாருங்கள். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற இனத்தவரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்று பல நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. அதை வைத்துப் பார்க்கும்போது 214ஐ ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்க உங்களுக்குக் காலம் இல்லை.

கேள்வி: தினம் ஒரு முட்டை சாப்பிடலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறத்தாழ 200 மி.கி. கொலஸ்ட்ரால் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒன்று எல்.டி.எல்.லைப் பெரிதாக மாற்றுவதில்லை. சர்க்கரை நோயும் உயர்ந்த எல்.டி.எல்.லும் உள்ளவர்கள் மஞ்சள் கருவை வாரத்துக்கு மூன்று நான்காகக் குறைத்துக்கொள்ளலாம். அவித்த முட்டைக்கும் பரோட்டாவோடு வரும் எண்ணெய் மிதக்கும் ஆம்லெட்டுக்கும் வேறுபாடு உண்டு.

கேள்வி: எனக்கு வயது 31, எடை 58 கிலோ. புகை, மது இல்லை. தினமும் பூப்பந்து விளையாடுகிறேன். எல்.டி.எல். 236. என் தந்தைக்கு 44 வயதிலேயே ஸ்டென்ட் வைத்தார்கள். இந்த வயதில் வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட எனக்கு விருப்பமில்லை. உணவால் சரிசெய்ய முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: முடியாது. முதல் பதிலில் சொன்ன அத்தனையையும் நீங்கள் குறைவின்றிச் செய்து 15 சதவீதம் குறைந்தாலும் எல்.டி.எல். 200இல்தான் வந்து நிற்கும்.

ஒல்லியான உடல், நல்ல பழக்கங்கள், 190க்கு மேல் எல்.டி.எல்., இள வயதிலேயே ஸ்டென்ட் வைக்கப்பட்ட தந்தை ஆகிய நான்கும் ஒன்றுசேரும்போது, பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ராலாக இது இருக்கலாம் என்றே முதலில் எண்ண வேண்டும். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இந்த மரபணுக் குறை இருக்கிறது. எல்.டி.எல்.லைப் பிடிக்கும் ஏற்பிகள் பிறவியிலேயே பாதிதான் வேலை செய்வதால், உணவில் ஒரு குற்றமும் இல்லாமலேயே குழந்தைப் பருவத்திலிருந்து எல்.டி.எல். உயர்ந்திருக்கும். இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் ஆராய்ந்ததே இந்த நோயுள்ள குடும்பங்களைத்தான். குதிகாலுக்கு மேலுள்ள தசைநார் தடித்திருக்கிறதா, இமைகளில் மஞ்சள் திட்டுகள் உள்ளனவா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். உடன்பிறந்தவர்களுக்கும், குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் பரிசோதனை தேவை. ஒவ்வொருவருக்கும் இது வர 50 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

மாத்திரையைப் பற்றிய உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஸ்டாட்டின்களின் தொடக்கமும் இயற்கையில்தான்: ஜப்பானியரான அகிரா எண்டோ 1970களில் ஒரு பென்சிலியம் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். தசைவலி வரும் என்ற அச்சம் பரவலாக உள்ளது; சிலருக்கு அது உண்மையில் வரவும் செய்கிறது. ஆனால் பக்க விளைவுகளால் ஸ்டாட்டினை நிறுத்தியவர்களுக்கு, எதை விழுங்குகிறோம் என்பது தெரியாதபடி, மாதத்துக்கு மாதம் ஸ்டாட்டினையும் வெற்று மாத்திரையையும் மாற்றிக் கொடுத்து லண்டனில் நடந்த ஒரு ஆய்வில், அவர்கள் உணர்ந்த தொந்தரவில் ஏறத்தாழ 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் அப்படியே இருந்தது. எல்.டி.எல். ஒவ்வொரு 39 மி.கி. குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன என்பது பல பெரிய பரிசோதனைகளின் கூட்டு முடிவு. உங்கள் 236ஐப் பாதியாக்க ஒரு நல்ல அளவு ஸ்டாட்டினால் முடியும். ஓட்ஸும் பூப்பந்தும் அதோடு சேர்ந்து தொடரட்டும்.

கேள்வி: கொலஸ்ட்ரால் பரிசோதனைக்கு 12 மணி நேரம் பட்டினி இருக்க வேண்டுமா? ஃபில்டர் காபி கொலஸ்ட்ராலைக் கூட்டுமா?
– வாசகி, சென்னை

பதில்: வடிகட்டாத காபியில் உள்ள கஃபெஸ்டால் என்ற பொருள் எல்.டி.எல்.லை உயர்த்துகிறது. காகித வடிகட்டி அதைப் பெரும்பாலும் பிடித்துவிடும். நம் பித்தளை ஃபில்டரின் துளைகள் அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை. நாளைக்கு இரண்டு காபியோடு நிறுத்திக்கொள்பவர் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். நான்கைந்து என்றால் குறைக்கலாம், அந்தப் பாலும் சர்க்கரையும் குறையும்.

பட்டினி பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. வழக்கம்போல் சாப்பிட்ட பிறகு எடுத்தாலும் எல்.டி.எல். மிகச் சிறிதளவே மாறும். டிரைகிளிசரைடு 400க்கு மேல் வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் திரும்ப எடுக்க வேண்டும். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குப் பிறகு கொலஸ்ட்ரால் தற்காலிகமாகக் குறைந்து காட்டும் என்பதால், அப்போதெல்லாம் சில வாரம் கழித்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உணவு மாற்றத்தின் பலனை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இரண்டு முறையும் ஒரே பரிசோதனைக் கூடத்தில் கொடுப்பது நல்லது.